எடுப்பு

கவுன்சிலிங்கில் சமூகவியலின் கடைசி இடம்
எனக்கு முன்னால் நின்றவளோடு முடிந்தது.
கோகிலவாணி. திரும்பிப் பார்த்து
மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தாள்.
அதற்கும் முன்னால்
ஓவியப் படிப்புக்குப் புதுச்சேரி போயிருந்தேன்.
ஒரு பானையை வரையச் சொன்னார்கள்.
நிழலிலேயே இரண்டு மணி நேரமும் போயிற்று,
பானை வரவேயில்லை.

யாரோ பொறியியலுக்குப் போய்விட்ட காலியிடத்தில்
பி.காம்., இரண்டாம் ஷிப்ட்.
"கணக்குப் படிச்சா கஞ்சிக்குப் பஞ்சமில்ல" என்றார்
கடைக்கு சிலிண்டர் போடும் பாவாடைராயன் அண்ணன்.

முதல் வாரம் தெரசா நிர்மலா மேடம்
போர்டில் 'ட்ராயிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.
தமிழ் மீடியக்காரி,
பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.
படமில்லையாம்.
முதலாளி தன் சொந்தத் தேவைக்குக்
கல்லாவிலிருந்து எடுப்பதாம்.
எடுப்பு.
கடை வேறு, கடைக்காரர் வேறு,
இதன் காசு அவர் காசில்லை என்றார்.
எங்கள் வீட்டில் யாரும்
இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

நிஜமான ஒரு கடைக்கு ஒரு மாதக் கணக்கு:
இதுதான் அசைன்மென்ட்.
ஓ.டி. ரயிலடியில் அம்மாவின் டீக்கடையை எடுத்துக்கொண்டேன்.
குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் ஏற்றி,
இருப்பாய்வில் கூட்டினால்
இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய் உதைக்கிறது.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்,
மேடம் சொன்ன சூட்சுமம்.
வகுத்தேன். முப்பத்திரண்டு. மீதியில்லை.
ஐம்பத்துநாலை நாற்பத்தைந்தாக எழுதிய இடத்தை
ராத்திரி பன்னிரண்டு வரை தேடினேன்.
பால், சர்க்கரை, தூள், வர்க்கி, கண்ணாடி கிளாஸ் உடைந்தது மூன்று
எல்லாம் நின்ற இடத்தில் நின்றன.
அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுப் படுத்தேன்.

கோகிலவாணிக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்:
சிறுகடை வைத்திருக்கும் பெண்கள், நாற்பத்தொரு கேள்வி.
மறுநாள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து
டீ ஆற ஆறக் கேட்டாள்.
வருமானம். கடன். வட்டி. கழிவறை உண்டா.
இருபத்தொன்பதாவது, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?
அ, டி.வி. ஆ, கோயில். இ, தூக்கம்.
பால் பொங்கவிடாமல் தீயைக் குறைத்துவிட்டு
"பாண்டிக்குப் போவேன்" என்றாள் அம்மா.

எனக்குத் தெரியாது. எதற்கு?
"சும்மா. செவ்வாக்கெழம மதியம் யாவாரம் ஏது?
முத்தாலுவ ஒக்கார வச்சுட்டு பஸ் ஏறிடுவேன்."
யாரைப் பார்க்க?
"யாரையும் இல்ல. ஜன்னல் சீட்டு.
பெண்ணையாத்துப் பாலம், கன்னியக்கோயில், தவளக்குப்பம்...
எறங்கி ஒரு டீ.
வேற ஒருத்தர் போட்டது.
அடுத்த பஸ்ல வந்துருவேன்."
நம்ம டீயைவிட நல்லா இருக்குமா?
"கேவலமா இருக்கும்."

போக முப்பது, வர முப்பது, டீ பன்னிரண்டு.
நாலு செவ்வாய்.
இடம் மாறியது இலக்கமில்லை.
கோகிலவாணியின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.
அவள் தாளில் ஈ இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் என்னவோ எழுதினாள்,
காட்டச் சொன்னால் காட்டவில்லை.

அனாமத்தை அடித்துவிட்டு எடுப்பு என்று எழுதினேன்.
ஆதாரம் வேண்டும். டிக்கெட் இருக்கா என்றால்
வர்க்கி டப்பாவைக் கவிழ்த்தாள்.
ஏழு கிடைத்தன.
ஒன்றின் முதுகில் கண்டக்டர் கிறுக்கிய 2,
இன்னும் தர வேண்டிய மீதி.
அதைக் கடனாளிகளில் சேர்க்க நினைத்து விட்டுவிட்டேன்.

எட்டாவதுக்கான கட்டம் காலியாக இருந்தது.
பென்சிலால் அதில் ஒரு பஸ் ஜன்னலை வரைந்தேன்.
ஆள் இல்லை,
கம்பிமேல் ஒரு முழங்கை மட்டும்.

பத்துக்கு ஏழு.
ஓரத்தில் சிவப்பு மையில் மேடம் கேட்டிருந்தார்:
இது எந்தத் தலைப்பில் வரும்?